ஆட்டோ, டாக்சி கட்டணம்: கிளம்பும் முன் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் முதல் சில மாதங்களில் பாட்டு, படம், போட்டோ, இமெயில் என்ற அளவில் நின்றுவிடுகிறார்கள். எக்ஸெல் என்றால் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர்களுக்கானது என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் நம் பர்ஸில் உள்ள பணத்தைக் காப்பாற்றவும் உதவும். அதற்கு ஓர் உதாரணமாக ஆட்டோ, டாக்சி கட்டணத்தை இங்கு எடுத்துக் கொள்வோம்.

வெளியூரிலிருந்து சென்னைக்கு வரும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் அதிகாலை மூன்றரை மணிக்கு இறங்குகிறார். 2023 டிசம்பர் இறுதியில் இந்த முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென் மாவட்டப் பேருந்துகளில் வருபவர்கள் நகருக்கு வெளியிலேயே இறங்க வேண்டியிருக்கிறது. கையில் பை, உடன் வயதான அம்மா, காலை ஏழு மணிக்கு மருத்துவமனையில் டோக்கன் வாங்க வேண்டும். சுற்றி நிற்கும் நாலு பேரும் ஒரே தொகையைச் சொல்கிறார்கள். அது நியாயமான தொகையா, இரண்டு மடங்கா, நாலு மடங்கா என்று அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாது என்பது எதிரில் நிற்பவருக்குத் தெரியும். பேரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. தூரமும் கட்டணமும் முன்பே தெரிந்திருந்தால் இந்தப் பேச்சு வேறு மாதிரி நடக்கும். அந்த இரண்டையும் வீட்டிலேயே, கிளம்புவதற்கு முதல் நாளே எடுத்துக் கொள்ளலாம்.

முதலில் தூரம்

இன்டர்நெட் இணைப்புடன் பிரவுசரைத் திறந்து கூகுள் மேப்ஸ் தளத்திற்குச் செல்லவும். இடது மேல் மூலையில் தேடும் கட்டம் இருக்கும். அதன் ஓரத்தில் வளைந்த அம்புக்குறி போட்ட பட்டன்தான் டைரக்‌ஷன்ஸ். அதில் கிளிக் செய்திட்டால் இரண்டு கட்டங்கள் கிடைக்கும். மேல் கட்டத்தில் கிளம்பும் இடம், கீழ் கட்டத்தில் சேரும் இடம். இரண்டையும் டைப் செய்து என்டர் தட்டவும். மேலே உள்ள படங்களில் கார் படத்தைத் தேர்வு செய்தால், பாதை நீல நிறத்தில் வரையப்பட்டு, கிலோ மீட்டரும் ஆகும் நேரமும் இடது பக்கம் தோன்றும். வேறு பாதைகள் இருந்தால் அவை மங்கலான நிறத்தில் காட்டப்படும். அவற்றையும் ஒருமுறை கிளிக் செய்து தூரத்தைப் பார்த்துக் கொள்ளவும்.

புதியவர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும. மேப்பில் ரைட் கிளிக் செய்தால் மெஷர் டிஸ்டன்ஸ் என்று ஒரு வசதி கிடைக்கும். அது இரண்டு புள்ளிகளுக்கு இடையே காக்கை பறக்கும் தூரத்தைத்தான் தரும். ஆட்டோ பறப்பதில்லை. ஒருவழிப் பாதை, மேம்பாலம், மெட்ரோ பணிக்காக அடைத்த சாலை என்று சுற்றித்தான் போக வேண்டும். எனவே கட்டணக் கணக்குக்கு டைரக்‌ஷன்ஸ் தரும் தூரத்தையே எடுத்துக் கொள்ளவும். டிரைவர் சற்றுச் சுற்றிப் போனால் உடனே சந்தேகப்படவும் வேண்டாம்.

லீவ் நவ் என்று இருக்கும் இடத்தில் கிளிக் செய்து டிபார்ட் அட் என்பதைத் தேர்ந்தெடுத்தால், நாம் கிளம்பப் போகும் நாளையும் நேரத்தையும் கொடுக்கலாம். காலை ஆறு மணிக்கு இருபது நிமிடம் என்று காட்டும் பாதை, ஒன்பது மணிக்கு ஐம்பது நிமிடம் ஆகலாம். காத்திருப்புக் கட்டணம் எவ்வளவு வரும் என்று ஊகிக்க இது உதவும்.

அடுத்து ரேட்

சென்னையில் ஆட்டோ கட்டணத்தைத் தமிழக அரசு 2013 ஆகஸ்ட்டில் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோ மீட்டருக்கு 25 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோ மீட்டருக்கும் 12 ரூபாய். காத்திருப்புக்கு ஐந்து நிமிடத்திற்கு 3 ரூபாய் 50 காசு. இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு. அதற்கு முன் 2007ல் நிர்ணயித்த கட்டணம், முதல் இரண்டு கிலோ மீட்டருக்கு 14 ரூபாய், பிறகு கிலோ மீட்டருக்கு 6 ரூபாய் என்று இருந்தது.

2013 கட்டணம் அறிவிக்கப்பட்டபோது, ரசீது அச்சிடும் பிரிண்டரும் ஜி.பி.எஸ்.ஸும் உள்ள டிஜிட்டல் மீட்டர் எல்லா ஆட்டோக்களுக்கும் இலவசமாகத் தரப்படும் என்ற அறிவிப்பும் வந்தது. அது மட்டும் சாலைக்கு வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

இந்த ரேட்டில் ஓட்ட முடியாது என்று டிரைவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தக் கட்டணம் வந்தபோது சென்னையில் பெட்ரோல் லிட்டர் 80 ரூபாய்க்கும் கீழே. 2021 ஜூலையில் அது 100 ரூபாயைத் தாண்டியது. பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டணம் திருத்தப்படாத நிலையில், 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து முதல் 1.8 கிலோ மீட்டருக்கு 50 ரூபாய், பிறகு கிலோ மீட்டருக்கு 18 ரூபாய் என்று ஆட்டோ சங்கங்கள் தாங்களாகவே ஒரு கட்டணத்தை அறிவித்தன. அது அரசு அறிவித்த கட்டணம் அல்ல என்று போக்குவரத்துத் துறை மறுத்தது.

ஆக, நம் கையில் இரண்டு எண்கள் உள்ளன. ஒன்று அரசு 2013ல் சொன்னது. மற்றொன்று டிரைவர்களின் சங்கங்களே 2025ல் கேட்டது. முதலாவதை மட்டும் வைத்துக் கொண்டு சண்டை போட்டால் எந்த ஆட்டோவும் கிடைக்காது. சங்கங்களே கேட்ட தொகையையும் தாண்டி ஒருவர் கேட்டால், அது விலைவாசியால் வந்த கேள்வி அல்ல, ஆளைப் பார்த்துச் சொன்ன விலை என்று தெரிந்து கொள்ளலாம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அட்டவணை தயாரிப்போம்.

எக்ஸெல்லில் அட்டவணை

எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமை இலவசமாக டவுன்லோட் செய்து பயன்படுத்தலாம். இரண்டிலும் வழி ஒன்றுதான். பார்முலா என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு எழுத்தைக் கூட நாம் டைப் செய்யப் போவதில்லை. மவுஸே பார்த்துக் கொள்ளும்.

புதிய ஒர்க் ஷீட்டைத் திறந்து முதல் வரிசையில் நான்கு தலைப்புகள் கொடுக்கவும்: கி.மீ., அரசு, சங்கம், இரவு. கி.மீ. தலைப்பின் கீழே 2 என்றும், அதற்குக் கீழே 3 என்றும் டைப் செய்யவும். இந்த இரண்டு செல்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால், வலது கீழ் மூலையில் சிறிய சதுரம் ஒன்று தெரியும். அதை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் 4, 5, 6 என்று தானாகவே நிரம்பிக் கொண்டு போகும். 25 வரை இழுத்தால் போதும்.

அரசு என்ற தலைப்பின் கீழ் முதல் செல்லில் 27.4 என்று கொடுக்கவும். இது எப்படி வந்தது? இரண்டு கிலோ மீட்டரில் முதல் 1.8க்கு 25 ரூபாய். மீதி 0.2 கிலோ மீட்டரை 12 ஆல் பெருக்கினால் 2 ரூபாய் 40 காசு. மொத்தம் 27 ரூபாய் 40 காசு. அடுத்த செல்லில் சமக்குறியைத் தட்டவும். பிறகு மேலே உள்ள 27.4 செல்லில் ஒரு கிளிக் செய்யவும். செல்லின் பெயரை எக்ஸெல்லே எழுதிக் கொள்ளும். அதன் பின் +12 என்று டைப் செய்து என்டர் தட்டவும். 39.4 கிடைக்கும். இந்த செல்லின் மூலையில் உள்ள சிறிய சதுரத்தில் டபுள் கிளிக் செய்தால் பட்டியல் முழுவதும் நிரம்பிவிடும். பத்து கிலோ மீட்டருக்கு எதிரில் 123.4 என்று வந்திருக்கிறதா பாருங்கள். வந்திருந்தால் எல்லாம் சரி.

சங்கம் என்ற தலைப்பின் கீழும் இதே போல. முதல் செல்லில் 53.6, அடுத்ததில் +12க்குப் பதில் +18. பத்து கிலோ மீட்டருக்கு 197.6 வர வேண்டும். இரவு என்ற தலைப்பில் சமக்குறி தட்டி, அரசு கட்டண செல்லைக் கிளிக் செய்து, *1.5 என்று கொடுத்தால் இரவுக் கட்டணம் கிடைக்கும்.

இடைப்பட்ட தூரத்திற்கு என்ன செய்வது? கிலோ மீட்டருக்கு 12 ரூபாய் என்றால் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 1 ரூபாய் 20 காசு. சங்கக் கணக்கில் 1 ரூபாய் 80 காசு. மேப் 7.4 கிலோ மீட்டர் என்று காட்டினால், 7க்கு உரிய தொகையுடன் நாலு முறை கூட்டிக் கொள்ளவும். அரசுக் கணக்கில் 92 ரூபாய் 20 காசும், சங்கக் கணக்கில் 150 ரூபாய் 80 காசும் வரும். இதற்கு ஒருவர் 160 கேட்டால் சிரித்துக் கொண்டே ஏறிவிடலாம். 350 கேட்டால் அடுத்த ஆட்டோவைப் பார்க்கலாம்.

பைலுக்குப் பெயர் கொடுக்கும்போது தேதியையும் சேர்த்து சேவ் செய்யவும். அரசு புதிய கட்டணம் அறிவித்தால், முதல் செல்லையும் +12 என்ற எண்ணையும் மாற்றி மீண்டும் டபுள் கிளிக் செய்திடவும். இரண்டு நிமிட வேலை.

இதை ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து மடித்து அப்பா, அம்மாவின் பையில் வைத்துவிடுங்கள். ஸ்மார்ட் போனும் ஆப்ஸும் வைத்திருப்பவரை யாரும் சுலபமாக ஏமாற்றுவதில்லை. ஏமாறுவது பெரும்பாலும் பட்டன் போன் வைத்திருக்கும் முதியவர்களும், நோயாளியோடு வருபவர்களும்தான். தாளில் எழுத்து அளவை 16க்குக் குறையாமல் வைக்கவும். கண்ணாடியைத் தேடாமல் படிக்க வேண்டும் அல்லவா! அவர்கள் வழக்கமாகப் போகும் நாலைந்து இடங்களின் பெயரையும் தூரத்தையும் அடியில் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

மீட்டர் எப்படிப் பொய் சொல்கிறது?

மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களுக்குப் போகிறவர்களுக்கு மீட்டர் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். மும்பையில் 2025 பிப்ரவரியில் திருத்திய கட்டணப்படி கறுப்பு மஞ்சள் டாக்சிக்கு முதல் 1.5 கிலோ மீட்டருக்கு 31 ரூபாய், பிறகு கிலோ மீட்டருக்கு 20 ரூபாய் 66 காசு. பெங்களூரில் 2025 ஆகஸ்ட் முதல் ஆட்டோவுக்கு முதல் இரண்டு கிலோ மீட்டருக்கு 36 ரூபாய், பிறகு கிலோ மீட்டருக்கு 18 ரூபாய். இவற்றுக்கும் மேலே சொன்ன அதே முறையில் அட்டவணை போடலாம்.

எலக்ட்ரானிக் மீட்டர் என்பது ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். அதற்குச் சாலையும் தெரியாது, ஊரும் தெரியாது. சக்கரம் சுற்றுவதற்கு ஏற்ப ஒரு சென்சாரிலிருந்து மின் துடிப்புகள் வருகின்றன. இத்தனை துடிப்பு வந்தால் ஒரு கிலோ மீட்டர் என்று மீட்டரில் ஓர் எண் பதியப்பட்டிருக்கும். உதாரணத்திற்கு 1,000 துடிப்பு ஒரு கிலோ மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். அந்த எண்ணை யாராவது 800 என்று மாற்றிவிட்டால், பத்து கிலோ மீட்டர் ஓடிய வண்டி பன்னிரண்டரை கிலோ மீட்டர் ஓடியதாக மீட்டர் காட்டும். எண்ணைத் தொடாமல், மறைவாக ஒரு ஸ்விட்ச் வைத்து அதிகப்படியான துடிப்புகளை அனுப்பும் வழியும் உண்டு. இவற்றைத் தடுக்கத்தான் மீட்டரைச் சரிபார்த்து, அரசின் எடையளவுத் துறை முத்திரை வைக்கிறது. முத்திரை உடைந்திருந்தால் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு.

இதைக் கண்டுபிடிக்க போனே போதும். ஏறியவுடன் மேப்பைத் திறந்து சேரும் இடத்தைக் கொடுத்து ஸ்டார்ட் தட்டவும். மீதி எத்தனை கிலோ மீட்டர் என்று போன் காட்டிக் கொண்டே வரும். போனில் மூன்று கிலோ மீட்டர் குறைந்திருக்கும்போது மீட்டரில் நாலு கூடியிருந்தால், ஏதோ சரியில்லை. நூறு, இருநூறு மீட்டர் வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம். உயரமான கட்டிடங்களுக்கு நடுவிலும் பாலங்களுக்கு அடியிலும் ஜி.பி.எஸ். சிக்னல் தடுமாறும். இன்னொன்று, நெரிசலில் நிற்கும்போதும் மீட்டரில் தொகை ஏறும். அது ஏமாற்று அல்ல, காத்திருப்புக் கட்டணம். அதனால் ரூபாயை ஒப்பிடாமல் கிலோ மீட்டரை ஒப்பிடுவதுதான் சரியான வழி.

ஆப் மூலம் அழைத்தால்?

ஆப் வந்தபின் பேரமே இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அங்கு பேரம் வேறு உருவத்தில் நடக்கிறது. டிரைவர் போன் செய்து, எங்கே போக வேண்டும், கேஷா ஆன்லைனா என்று கேட்டுவிட்டு, மேலே ஐம்பது ரூபாய் தந்தால் வருகிறேன் என்பார். இல்லாவிட்டால், நீங்களே கேன்சல் செய்துவிடுங்கள் என்பார். அவசரப்பட்டு நாம் கேன்சல் செய்யக் கூடாது. ரத்துக் கட்டணம் நம் தலையில் விழ வாய்ப்பு உண்டு. ஆப் உள்ளேயே டிரைவருக்கு மெசேஜ் அனுப்பும் வசதியில் "நான் தயாராக இருக்கிறேன், வாருங்கள்" என்று எழுதிவிட்டுச் சில நிமிடம் காத்திருக்கலாம். எழுத்தில் இருப்பது பின்னால் சாட்சியாகும். போனில் பேசியது ஆகாது.

ஆட்டோ விஷயத்தில் ஒரு மாற்றம் பலருக்குத் தெரியாது. உபெர் நிறுவனம் 2025 பிப்ரவரியில் இந்தியாவில் ஆட்டோக்களுக்குக் கமிஷன் முறையை விட்டுவிட்டு, டிரைவரிடம் சந்தா வாங்கும் முறைக்கு மாறியது. அப்போது அறிவித்தபடி, ஆட்டோவுக்கு ஆப் காட்டும் தொகை ஒரு யோசனை மட்டுமே. முடிவான தொகை டிரைவரும் பயணியும் பேசிக் கொள்வது. பணமும் நேராக டிரைவருக்கே. அதாவது, ஸ்கிரீனில் தெரியும் எண்ணை முடிவான விலை என்று நினைத்து ஏறினால் இறங்கும்போது வாக்குவாதம் வரும். ஏறும்போதே "ஆப்ல காட்டுறதுதானே அண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கார் டாக்சிகளில் மழை நேரம், அலுவலக நேரம் என்றால் தொகை எகிறும். மத்திய அரசு 2020ல் வெளியிட்ட நெறிமுறைகள் இதை அடிப்படைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்குள் வைக்கச் சொன்னது. 2025 ஜூலையில் வந்த புதிய நெறிமுறைகள் இரண்டு மடங்கு வரை அனுமதித்தன. அவற்றின்படி, தகுந்த காரணமின்றி ரத்து செய்பவர், டிரைவரானாலும் பயணியானாலும், கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம் தர வேண்டும். இவற்றை நடைமுறைப்படுத்துவது மாநில அரசுகளின் கையில் உள்ளது.

ஒரே பயணத்திற்கு இரண்டு போன்களில் இரண்டு விலை காட்டுகிறது என்ற புகாரும் உண்டு. ஐபோனுக்கு ஒரு விலை, ஆண்ட்ராய்டுக்கு ஒரு விலை என்ற புகார்களின் பேரில் 2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலா, உபெர் நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. இரு நிறுவனங்களும் அப்படிச் செய்யவில்லை என்று மறுத்தன. நாம் செய்யக் கூடியது எளிது. வீட்டில் இரண்டு போன் இருந்தால் இரண்டிலும் பாருங்கள். இரண்டு ஆப்களிலும் பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். மழை விட்டால் விலையும் இறங்கும்.

இறங்கும்போது டிரைவர் தன் போனைக் காட்டி "இவ்வளவு வந்திருக்கு சார்" என்றால், அவர் போனைப் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டாம். உங்கள் போனில் என்ன தொகை என்று பார்க்கவும். ஸ்கிரீன் படத்தைப் போலியாகத் தயாரிப்பது இன்று பெரிய வித்தை அல்ல. அதே போல் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தபின் வரும் பெயரையும் தொகையையும் படித்துவிட்டுப் பின் நம்பரைப் போடவும். பணம் அனுப்பத்தான் பின் நம்பர் தேவை. மீதிப் பணம் திருப்பித் தருகிறேன், பின் நம்பரைப் போடுங்கள் என்று யாராவது சொன்னால் அது மோசடி.

புகார் செய்ய

கேட்ட இடத்திற்கு வர மறுப்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 178ஆவது பிரிவின்படி குற்றம். ஆனால் வண்டி எண் இல்லாத புகாருக்குப் பயன் இல்லை. எனவே ஏறும் முன்பே நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ எடுக்கவும். எம்பரிவாஹன் ஆப்பில் அந்த எண்ணைக் கொடுத்தால் வண்டியின் வகை, தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் ஆகியவை எந்தத் தேதி வரை என்று தெரியும். ஆப் மூலம் அழைத்த வண்டி என்றால், ஆப்பில் உள்ள எண்ணும் வந்து நிற்கும் வண்டியின் எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்காமல் ஏற வேண்டாம். குறிப்பாக இரவில்.

ப்ரீபெய்டு கவுன்டரில் சீட்டு வாங்கினால், பல ஊர்களில் அந்தச் சீட்டைக் காட்டித்தான் டிரைவர் தன் பணத்தைப் பெறுவார். சேர வேண்டிய இடத்தில் இறங்கிய பின்பே அதைக் கையில் கொடுக்கவும். அதை வைத்திருக்கும் வரை, நடுவழியில் "இன்னும் நூறு ரூபாய் ஆகும்" என்ற பேச்சு பொதுவாக வராது.

ஆப் நிறுவனத்துடன் தகராறு என்றால் முதலில் ஆப்பின் ஹெல்ப் பகுதியில் அந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுத்துப் புகாரைப் பதிவு செய்யவும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆபத்து என்று தோன்றினால் யோசிக்காமல் 112. கம்ப்யூட்டரில் பயணம் என்று ஒரு போல்டரைத் திறந்து, ரசீது, ஸ்கிரீன் ஷாட், நம்பர் பிளேட் போட்டோ, பணம் அனுப்பியதற்கான விவரம் ஆகியவற்றைத் தேதிப் பெயரில் போட்டு வைக்கவும். புகாரை டைப் செய்யும்போது தேதி, நேரம், ஏறிய இடம், இறங்கிய இடம், மேப் காட்டிய தூரம், அட்டவணைப்படி தொகை, கொடுத்த தொகை ஆகியவற்றை மட்டும் எழுதவும். டிரைவரின் குணம் பற்றி ஒரு பக்கம் எழுதினால் முக்கியமான எண்கள் அதில் மறைந்துவிடும். அனுப்பியபின் கிடைக்கும் புகார் எண்ணையும் அதே போல்டரில் காப்பி செய்து வைக்கவும். அடுத்த முறை பேசும்போது முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.